குட்டியானைக்குச் சுழி பார்த்தல்

தானமாக வந்த மாடென்றால்
பல்லைப் பிடித்துப் பார்க்கமாட்டேன்.
இது இரண்டு லட்சத்து முப்பதாயிரம்.
அதில் எண்பதாயிரம் என் வளையல்கள்.

ஏழு மாதமாக ஒரு நாற்பது பக்க நோட்டு.
புதுவயல் ரைஸ்மில் வாசலில்
மூட்டைக்குக் காத்துநின்ற வண்டிக்காரர்களிடம்
ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்:
'எதுக்காக இதைத் திட்டுவீங்க?'
நல்லது என்னவென்று கேட்டால்
எல்லாரும் கம்பெனி ஆள்போலப் பேசுகிறார்கள்.
திட்டச் சொன்னால்தான் வாய் திறக்கிறது.
கிளட்ச் வயர் என்றார் ஒருவர்.
மழைக்கு வைப்பர் என்றார் இன்னொருவர்.
கோட்டையூர்க்காரர் வெகுநேரம் யோசித்து
'என் மச்சானை' என்றார்.
வண்டி இன்னும் மச்சான் பேரில்தான் இருக்கிறதாம்.
எழுதிக்கொண்டேன்:
ஆர்.சி. புக்கில் பேர் பார்க்கணும்.

சேவுகன் வீடு கண்டனூர்.
முதல் தடவை
சாவி திருகியதும் ஒரே பிடியில் எழுந்தது வண்டி.
சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு,
சைலன்சரைத் தொடும்வரை.
நான் வருமுன்பே சுடவைத்திருக்கிறார்,
விருந்தாளிக்கு வெந்நீர் போட்டதுபோல.

இரண்டாம் தடவை சொல்லாமல் போனேன்.
விடிகாலை ஐந்தே கால்.
பால்காரருக்கும் முன்னால் நான்.
மூன்று தரம் இருமி
நாலாவதில் பிடித்தது.
இருமலுக்கு ஆயிரம் என்று நோட்டில் கழித்தேன்.
'பொண்ணு பார்க்க வர்றவங்ககூட
இந்நேரத்துக்கு வரமாட்டாங்க' என்றார்
கைலியை இறுக்கிக் கட்டியபடி.

மூன்றாம் தடவை என் சரக்கோடு.
நான் ஏற்றப்போவது காற்றையா,
வெறும் வண்டியில் ஒரு சுற்றுப் போய்வர?
பதினாறு அண்டா, மூன்று இட்லிக் கொப்பரை,
இரும்படுப்பு நாலு,
சாக்கில் கட்டிய கரண்டிகள்.
ஒவ்வொரு வைகாசியும்
வளவு வீட்டுக் கல்யாணங்களுக்கு
இதையெல்லாம் வாடகை வண்டியில் அனுப்பி
என் வாடகையில் பாதி
அவன் டீசலாகப் புகைந்திருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா பாலம்.
நடு ஏற்றத்தில் நிறுத்தி
ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.
சேவுகன் ஏனோ சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டார்.
பின்னால் பஸ் ஹாரன்.
அண்டாக்கள் ஒன்றையொன்று இடித்து முனகின.
ஒரு விரற்கடை பின்னால் சறுக்கி
நின்றது.
ஒரு விரற்கடை. எழுதணும்.
மறுபடி கிளட்சை விட்டபோது
நடுங்கியது என் கால்தான்,
வண்டி இல்லை.

இறக்கத்தில் அவர் பேச்செடுத்தார்.
'நானும் விசாரிச்சேன்.'
என்ன?
'உங்களைத்தான். பள்ளத்தூர்ல ரெண்டு வீடு,
கானாடுகாத்தான்ல ஒண்ணு.
ஒரு கரண்டி குறைஞ்சாலும்
மறுநாள் வாசல்ல வந்து நிப்பீங்களாம்.
ஒடுங்கின அண்டாவை நெளிவெடுக்காம
அடுத்த விசேஷத்துக்கு விடமாட்டீங்களாம்.
சரி, இவங்க நேரத்துக்கு ஆயில் மாத்துவாங்கன்னு நினைச்சேன்.
ஆனா ரெண்டாவது கியர்ல
கிளட்ச் மேலயே காலை வச்சிருக்கீங்க.
அதான் யோசனையா இருக்கு.'

முகம் சுட்டது எனக்கு.
வண்டிக்குச் சுழி பார்த்த நோட்டில்
என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் சரக்கை இறக்கி எண்ணினேன்.
கரண்டி ஒன்று குறைந்தது.
சேவுகன் செல்போன் வெளிச்சத்தில்
தானே குனிந்து துழாவி
பின்பலகை இடுக்கிலிருந்து எடுத்து நீட்டினார்.
எழுதாமல் வாங்கிக்கொண்டேன்.

விலை பேசவில்லை.
சாவி இன்னும் அவர் விரலில்தான்.
'நாளைக்கு வாங்க. சரக்கு வேணாம்,
கால் மட்டும் போதும்' என்றார்.
எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

'எனக்கென்ன தெரியும்?
எப்படியும் நீங்க
அஞ்சே காலுக்கு வரத்தான் போறீங்க.'